வான்கோ வாழ்ந்த வீட்டின் நினைவுப் பலகை

தென் லண்டனின் ஸ்டாக்வெல் பகுதியில், ஹாக்ஃபோர்ட் சாலை 87ஆம் எண் வீட்டு முகப்பில் உள்ள நீலநிற வட்டப் பலகை. டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோ (1853–1890) 1873–74இல் இங்கே குடியிருந்ததை அது தெரிவிக்கிறது. லண்டன் பெருநகர மன்றம் 1973இல் இதைப் பதித்தது. புகழ்பெற்றவர்களின் வீடுகளை அடையாளம் காட்டும் பலகைகளில், ஓர் ஓவியருக்காக வைக்கப்பட்டது இது.

இத்தகைய பலகைகளுக்கான யோசனையை 1863இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுப்பியவர் வில்லியம் ஈவர்ட். கலைச் சங்கம் 1866இல் பொறுப்பேற்று, மறு ஆண்டே கவிஞர் பைரன் பிறந்த வீட்டில் முதல் பலகையைப் பதித்தது. 1889இல் அந்த வீடு இடிபட்டது. பலகையும் அதோடு போயிற்று. வீட்டைக் காக்கும் சக்தி பலகைக்குக் கிடையாது என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. பிறகு இத்திட்டம் 1901இல் லண்டன் மாவட்ட மன்றத்துக்கும், 1965இல் பெருநகர மன்றத்துக்கும், 1986இல் ‘இங்கிலீஷ் ஹெரிடேஜ்’ அமைப்புக்கும் கைமாறியது.

இன்று செய்யப்படும் பலகை சுட்ட மண்ணால் ஆனது. ஏறத்தாழ அரை மீட்டர் குறுக்களவு, இரண்டு அங்குலக் கனம். கரைத்த களிமண்ணைக் கையாலேயே பிதுக்கி எழுத்துகளை எழுதி, மெருகு பூசிச் சூளையில் சுடுகிறார்கள். நடுப்பகுதி லேசாகப் புடைத்திருக்கும். மழை பெய்தால் தூசி தானே கழுவிக்கொண்டு போய்விடும். பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, தொழில், குடியிருந்த காலம், பதித்த அமைப்பின் பெயர். இதற்கு மேல் அதில் இடமில்லை. திறந்துவைத்தவர் பெயரும் முன்னிலை வகித்தவர் பெயரும் பெரிதாகவும், யாருக்காக வைத்தார்களோ அவர் பெயர் சிறிதாகவும் இருக்கும் நம் ஊர்க் கல்வெட்டுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வியப்பாகவே இருக்கும்.

வான்கோ லண்டனுக்கு வந்தபோது வயது 20. அப்போது அவர் ஓவியர் அல்லர், கூப்பில் என்ற ஓவிய வணிக நிறுவனத்தின் கிளையில் ஊழியர். கோவென்ட் கார்டன் அருகிலிருந்த கடைக்கு, வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தைத் தாண்டி முக்கால் மணி நேரம் நடந்தே போவார். ஹாக்ஃபோர்ட் சாலை வீட்டில் அவருக்கு அறையை வாடகைக்கு விட்டவர் உர்சுலா லோயர் என்ற அம்மையார். அவருடைய மகள் யூஜினி. யூஜினிமேல் வான்கோ காதல் கொண்டு ஏமாந்தார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். 2002இல் நிகோலஸ் ரைட் எழுதிய ‘வின்சென்ட் இன் பிரிக்ஸ்டன்’ நாடகம் இந்த வீட்டையே களமாகக் கொண்டது. வான்கோ ஓவியராவது என்று தீர்மானித்ததோ 1880இல்தான். ஆக, பலகை ‘ஓவியர் வாழ்ந்தார்’ என்றாலும், இங்கே வாழ்ந்தவர் படம் விற்கும் கடையின் சிப்பந்தி.

எந்த வீடு என்பதே நெடுங்காலம் தெளிவாகவில்லை. வான்கோவின் தம்பி மனைவி ஜோ, தாம் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் லோயர் அம்மையாரின் பெயரை அவர் மகளுக்குச் சூட்டிவிட்டார். தேடியவர்கள் வழி தவறினார்கள். முடிச்சை அவிழ்த்தவர் பேராசிரியர் அல்லர், பால் சால்க்ராஃப்ட் என்ற தபால்காரர். 1971இல் பிரிட்டனில் தபால் ஊழியர் வேலைநிறுத்தம் நடந்த வாரங்களில், அவர் பழைய பதிவேடுகளைப் புரட்டி லோயர் குடும்பத்தின் விலாசத்தைக் கண்டுபிடித்தார். ஊரார் விலாசங்களைச் சுமந்து திரிந்தவருக்கு இந்த ஒரு விலாசம் சிக்கியது பொருத்தம்தான். 1973இல் பத்திரிகையாளர் கென் வில்கி, யூஜினியின் பேத்தி வீட்டுப் பெட்டியில் கறைபடிந்த சிறு படம் ஒன்றைக் கண்டார். அது வான்கோ வரைந்த ஹாக்ஃபோர்ட் சாலை வீடு. பலகையும் அவ்வாண்டே ஏறியது.

அதன் பிறகு, பழுதடைந்த நிலையில் இருந்த வீடு 2012இல் ஏலத்துக்கு வந்தது. வாங்கியவர்கள் பழுதுபார்க்கையில் தரைப் பலகைகளுக்கு அடியிலும் பரண் பக்கமும் லோயர் குடும்பத்துக் காப்பீட்டுத் தாள்களும் 1867ஆம் ஆண்டுப் பிரார்த்தனைப் பிரசுரம் ஒன்றும் கிடைத்தன. 2019 முதல் பார்வையாளர்கள் உள்ளே போக முடிகிறது. பாரிஸில் லெபிக் தெரு 54ஆம் எண் வீட்டிலும் வான்கோ தம்பியுடன் இருந்ததைச் சொல்லும் பலகை உண்டு. பிரான்ஸின் ஆர்ல் நகரில் அவர் வாழ்ந்த, அவர் ஓவியத்தால் புகழ்பெற்ற மஞ்சள் வீடு 1944 ஜூனில் குண்டுவீச்சுக்கு இரையானது.

தமிழ்நாட்டில் பலகையைவிட நினைவில்லமே வழக்கம். கமுதிக்கு அருகே பசும்பொன்னில் முத்துராமலிங்கத் தேவர் இல்லம், ராமேஸ்வரத்தில் அப்துல் கலாம் குடும்பத்து வீடு, எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு ஆகியவை தேடிப்போய்ப் பார்க்கப்படுபவை. தலைவர், விஞ்ஞானி, கவிஞர் என்று வரிசை நீள்கிறது. ஓவியருக்கு முறை வருவது அரிது. ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனைச் சுவர்களில், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேதுபதி மன்னரின் போர்களையும் அரசவையையும் ராமாயணக் காட்சிகளையும் தீட்டியவர்களுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. பெயர் இல்லாதவருக்குப் பலகை எழுத முடியாது.

பெயர் உள்ளவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கிறார். கமுதிக்குத் தென்மேற்கே உள்ள கோவில்பட்டியில் குடியேறி வாழ்ந்தவர் சி. கொண்டைய ராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் தங்கி, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர்; கம்பெனி கலைந்தபின் 1940களில் கோவில்பட்டியில் தேவி ஆர்ட் ஸ்டூடியோவைத் தொடங்கினார். அவரும் சீடர்களும் வரைந்த மீனாட்சி, முருகன், லட்சுமி படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியே நாட்காட்டிகளாகிப் பூஜையறைகளில் குடியேறின. லண்டனில் நீலப் பலகை பெற ஒருவர் இறந்து 20 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். கொண்டைய ராஜு மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகிறது.