பாத்திக் கரைக்கு ஏற்ற மரம்

மண்ணிற் பதித்த மரம் உக்கிப்போவது இயற்கை. ஈரமும் காளானும் கறையானும் அதனை விரைவில் உண்டுவிடும். ஆதலின், மண்ணை உயர்த்தி மரக்கறி பயிரிடுவோர் பாத்தியைச் சூழப் பதிப்பதற்கு உக்காத பலகையையே நாடுகின்றனர். அப்பலகை ஏன் உக்கவில்லை என்று வினவுவோர் சிலரே. அதற்குரிய விடை புகையிரதப் பாதையிலே தொடங்குகின்றது.

தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர்க் கட்டைகள் சில ஆண்டுகளிலேயே உழுத்துப்போயின. 1838ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோன் பெதெல் என்பார், நிலக்கரித் தாரெண்ணெயை அழுத்தத்தால் மரத்தினுட் செலுத்தும் முறைக்கு உரிமம் பெற்றார். கிரியோசோற்று எனப்படும் அவ்வெண்ணெயிற் புற்றுநோய் விளைக்கும் பொருள்கள் உள்ளமை பிற்காலத்திலேயே தெளிவாயிற்று.

இதனினும் வியப்புக்குரியது 1933இல் நிகழ்ந்தது. இந்தியாவின் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொந்தி காமேசம் என்னும் அறிஞர், செம்பு, குரோமியம், ஆசனிக்கு ஆகிய மூன்றின் சேர்மங்களையும் கலந்து ஒரு மருந்து கண்டார். செம்பு காளானை அழிக்கும். முன்னோர் பாஷாணம் என்று அஞ்சிய ஆசனிக்கு, பூச்சிகளைக் கொல்லும். குரோமியமோ இரண்டையும் மரநாரோடு பிணைத்து, மழையிற் கழுவுண்டு போகாமற் காக்கும். இப்பிணைப்பே காமேசத்தின் நுண்மதிக்குச் சான்று. கம்பங்களுக்கும் சிலிப்பர்க் கட்டைகளுக்கும் ஏற்ற மருந்து அது. கீரைப்பாத்தியை எண்ணி அவர் அதனை ஆக்கினாரல்லர்.

கடல் கடந்த அம்மருந்து, 1970களுக்குப்பின் அமெரிக்க வீட்டு முற்றங்களிலும் சிறுவர் விளையாட்டிடங்களிலும் புகுந்தது. பிணைப்பு உறுதியானதேயெனினும் முற்றானதன்று. ஆசனிக்குச் சிறிது சிறிதாக மண்ணிற் கசிந்தது. பலகையை ஒட்டிய மண்ணிலே அது மிகுதி. தள்ளிச் செல்லச் செல்லக் குறையும். கிழங்கின் தோலில் ஒட்டிய மண்ணோ உணவுக்கலம் வரை வரும். 2003ஆம் ஆண்டின் முடிவோடு, வீட்டுத் தேவைகளுக்கான மரத்திற்கு இம்மருந்தூட்டுதல் அமெரிக்காவிற் பெரும்பாலும் கைவிடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் 2004இற் கட்டுப்பாடு விதித்தது. ஆயினும் முன்னரே விற்ற பலகைகள் எங்கும் எஞ்சின.

பழம்பலகை மலிவென்று வாங்குவோர்க்கு இடர் இங்கேதான். புதிதில் இளம்பச்சையாகத் தோன்றும் அம்மரம், வெயிலிற் கிடந்து சாம்பல் நிறமாகிவிடும். பின்னர்க் கண்ணால் அறிதல் அரிது. அதனை அடுப்பில் எரித்தலும் கேடே. புகையிலும் சாம்பலிலும் நஞ்சு கலந்திருக்கும்.

வரலாறு அறியாத பழங்கட்டையை, அதிலும் தார்மணம் வீசும் சிலிப்பர்க் கட்டையை, மரக்கறிப் பாத்திக்கு விலக்குதல் நன்று. மருந்தூட்டாத வைரம் பாய்ந்த மரமே தக்கது. இலங்கையில் முதிரையும் பாலையும் உறுதிக்குப் பெயர் பெற்றவை. விலை மிகுந்தால் சாதாரணப் பலகையைப் பதித்து, உக்கியதும் மாற்றிக்கொள்ளலாம். உக்கிய பலகை மண்ணுக்கு எருவாகும்.