பூஞ்சை உயிரணுக்களின் மின்னியல்

பூஞ்சைகளின் உயிரணுச் சவ்வுக்கு உள்ளும் புறமும் நிலவும் மின்னழுத்த வேறுபாட்டையும், அச்சவ்வில் பதிந்து அயனிகளுக்கு வழிவிடும் புரதத் துளைகளாகிய அயனித் தடங்களின் வழியே அது மாறுபடும் விதத்தையும் ஆராயும் துறை இது. கணவாயின் நரம்பிழையில் மின்துடிப்பு எழும் முறையை ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் கணித ரூபமாக விளக்கியிருந்தபோதிலும், நரம்போ தசையோ இல்லாத பூஞ்சையினிடத்தே மின்சாரத்தைத் தேடும் எண்ணம் அக்காலத்தில் அரிதாகவே இருந்தது.

அதைத் தேடத் துணிந்தவர்கள் கிளிஃபோர்டு ஸ்லேமன், கரோலின் ஸ்லேமன் என்னும் அமெரிக்கத் தம்பதியர். பீடிலும் டேட்டமும் 1941இல் வெளியிட்ட ஆராய்ச்சியால் மரபியலில் பிரசித்தி பெற்றுவிட்ட நியூரோஸ்போரா என்னும் ரொட்டிப் பூஞ்சையின் இழைக்குள் மிக நுண்ணிய கண்ணாடி மின்வாயைச் செலுத்தி, உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 200 மில்லிவோல்ட் எதிர்மின் தன்மை உடையது என்று அவர்கள் அளந்தறிந்தனர். அந்த முதல் அளவீடு 1962இல் வெளியாயிற்று. நரம்பணுவின் ஓய்வுநிலை அழுத்தம் ஏறக்குறைய 70 மில்லிவோல்ட்தான் என்பதை நினைத்தால், இந்த அளவு வியப்பைத் தருவதே. சயனைடைப் போன்ற நஞ்சினால் சுவாசத்தைத் தடுத்தபொழுது, இவ்வழுத்தம் ஒரு நிமிடத்துக்குள்ளாகவே பெரும்பகுதி சரிந்து போயிற்று; உயிரணுவின் சக்திப் பொருளாகிய ஏடிபியும் அதனுடன் கூடவே குறைந்ததென 1973இல் காட்டப்பட்டது. ஆகவே, அயனிகள் தாமே கசிந்து பரவுவதனால் மட்டும் இவ்வழுத்தம் உண்டாவதில்லை என்பதும், ஏடிபியைச் செலவிட்டு ஹைட்ரஜன் அயனிகளை ஓயாது வெளியேற்றும் ஒரு புரத இயந்திரமே அதற்கு மூலகாரணம் என்பதும் ஸ்தாபிதமாயின. பிராணிகளின் உயிரணுக்களில் சோடியம் வகிக்கும் ஸ்தானத்தை இங்கே ஹைட்ரஜன் வகிக்கிறது. வெளியேற்றப்பட்ட அவ்வயனிகள் மீண்டும் உள்ளே பாய்கையில் சர்க்கரையையும் உடன் இழுத்து வருகின்றன. பூஞ்சையின் மின்சாரம் முதன்மையாக ஆகார சம்பாத்தியத்துக்கு உரியது என்னும் இவ்வுண்மையே இத்துறையின் அடிப்படை. செய்தியனுப்புதல் பற்றிய பேச்செல்லாம் இதற்கு அடுத்தபடியே வரத்தக்கது.

அயனித் தடங்களை ஒவ்வொன்றாகக் காண்பதற்கு, கண்ணாடி நுண்குழாயின் முனையைச் சவ்வின்மீது ஒட்டவைத்து அச்சிறு பகுதியின் மின்னோட்டத்தை அளக்கும், நேயரும் சாக்மனும் 1976இல் வகுத்த சவ்வொட்டு முறை தேவைப்பட்டது. அமெரிக்காவில் சிங் குங்கின் ஆய்வுக்கூடத்தார், ஒற்றை உயிரணுப் பூஞ்சையாகிய ஈஸ்டின் தடித்த சுவரை நொதிகளால் கரைத்துவிட்டு, 1986இல் பொட்டாசியத் தடத்தையும், இரண்டாண்டுகளுக்குப் பின் சவ்வு இழுபடும்போது திறக்கும் தடத்தையும் கண்டனர். ஒரே புரதச் சங்கிலியில் இரு துளைப்பகுதிகள் அமைந்த பொட்டாசியத் தடம் ஈஸ்டிலிருந்தே 1995இல் விவரிக்கப்பட்டது.

மின்துடிப்புகளைப் பொறுத்தவரை, நியூரோஸ்போராவில் நிமிடக்கணக்கில் நீடிக்கும் தாமச கதியான துடிப்புகளை ஸ்லேமன் குழுவினர் 1976இலேயே பதிவு செய்தனர். ஸ்வீடனில் ஓல்சனும் ஹான்சனும் 1995இல் ஆர்மில்லேரியா, சிப்பிக் காளான் ஆகியவற்றின் இழைவலையில் விரைவான துடிப்புகளைக் கண்டு, வெளியிலிருந்து வரும் தூண்டுதலுக்கேற்ப அவை மாறுவதாக அறிவித்தனர். பிரிஸ்டலைச் சேர்ந்த ஆடமாட்ஸ்கி, காளான்களின் துடிப்புத் தொடர்களைச் சொற்களாகவே பகுத்து 2022இல் ஒரு கட்டுரை வெளியிட, பத்திரிகைகள் அதை மிகுந்த ஆரவாரத்துடன் பரப்பின. ஆனால், இவ்வாறு இழைவலையில் செருகிய ஊசி மின்வாய்கள் தனியொரு சவ்வின் அழுத்தத்தை அளப்பவை அல்ல. அவை காட்டும் ஏற்றத்தாழ்வு எந்தத் தடத்தின் செயல் என்று சுட்டப்படாதிருக்கையில், அதனை மொழியென்று கொள்வது அவசரமான அனுமானமே.