பஞ்சிகாவத்தை உதிரிப்பாகச் சந்தை

பஞ்சிகாவத்தை, கொழும்பு மருதானைக்கு அருகே அமைந்துள்ள வாகன உதிரிப்பாகச் சந்தை ஆகும். இதன் வளர்ச்சி இலங்கையின் இறக்குமதி வரலாற்றோடு பிணைந்தது. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தபின், ஜப்பானில் ஓடிய பழைய கார்கள் பெருமளவில் இறக்குமதியாயின. இரு நாடுகளிலும் வாகனங்கள் வீதியின் இடப்பக்கமே செல்வதால், அவற்றின் ஸ்டியரிங்கை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அவை ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கெனச் செய்யப்பட்டவை. அங்கே டொயோட்டா விட்ஸ் எனப்பட்ட கார் ஐரோப்பாவில் யாரிஸ் ஆனது. பெயர் ஒன்றாயினும் எஞ்சின் வேறாக இருக்கலாம். எனவே பெயரைச் சொல்லிப் பாகம் கேட்டால் போதாது. செசி இலக்கத்தின் முன்பகுதியான மாதிரிக் குறியீட்டையும் சொல்லவேண்டும். எடுத்துக்காட்டாக, 'என்இசட்இ 121' என்பது 1.5 லீட்டர் எஞ்சின் கொண்ட ஒரு கொரோலா வகை. இவ்வாறு பொருத்தம் பார்த்தே, பிரித்தெடுத்த கார்களின் பாகங்கள் வாங்கப்படுகின்றன.

2020 மார்ச்சில், அந்நியச் செலாவணியைக் காக்க அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அத்தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் இருந்த கார்களையே பழுதுபார்த்து ஓட்ட நேர்ந்தது. வாடகைக்கு ஓட்டியவருக்கு, பாகம் கிடைக்காத நாள் வருமானமில்லாத நாளாயிற்று.