விரலும் பெட்டியும்

தொனி என்ற சொல்லை நாம் விமர்சனத்தில் வெகு தாராளமாகச் செலவழித்துவிட்டோம். கவிதையின் தொனி என்கிறோம், கதையின் தொனி என்கிறோம். அது எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறோம். பேஸ் கிதார் வாசிப்பவர்களுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. பாட்டின் அடியில், தாளத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே ஓடும் அந்தக் கீழ்ஸ்தாயி வாத்தியத்தின் தொனி விரலில் இருக்கிறதா, கம்பியில் இருக்கிறதா, அதை உரக்கச் சொல்லும் ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் இருக்கிறதா என்று அவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக வாதாடிவருகிறார்கள். இந்த வாதத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் ஒரு மனிதனின் பெயர் அநேகமாகத் தொலைந்துபோக இருந்தது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் பிரச்னை தொனி பற்றியதே அன்று. காது கேட்கவில்லை, அவ்வளவுதான். நடன அரங்குகளில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்கும்போது ஆளுயர டபிள் பேஸை எவ்வளவு இழுத்து மீட்டினாலும் பின்வரிசைக்கு எட்டாது. நியூயார்க்கில் எவரெட் ஹல் என்பவர், தாமே பேஸ் வாசித்தவர், வாத்தியம் தரையில் ஊன்றி நிற்கும் முளையின் வழியாக அதன் வயிற்றுக்குள் ஒரு மைக்கைச் செலுத்தும் உபாயத்தை 1940களின் நடுவில் கண்டுபிடித்தார். முளைக்கு ஆங்கிலத்தில் பெக். ஆம்ப்ளிஃபைட் பெக் என்பது சுருங்கி ஆம்பெக் என்று கம்பெனியின் பெயராயிற்று. ஹல்லுக்கு ஒரே ஒரு பிடிவாதம். பெட்டி வாத்தியத்தைப் பெரிதாக்க வேண்டும்; தன் பங்குக்கு எதுவும் பேசக் கூடாது. ஒலி கரகரப்பதை அவர் ஒழுக்கக் கேடாகவே கருதினார். ராக் அண்ட் ரோல் அவருக்குப் பிடிக்காது.

இந்தப் பிடிவாதத்தின் விளைவுதான் 1960ல் வந்த பி-15 போர்ட்டாஃப்ளெக்ஸ். வடிவமைத்தவர் ஜெஸ் ஆலிவர், அவரும் பேஸ் வாசித்தவரே. வால்வுகள், 25 வாட், 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. கச்சேரி முடிந்ததும் மூடியைத் திருப்பிப் போட்டால் வால்வுகளெல்லாம் தலைகீழாகப் பெட்டிக்குள் தொங்கும். தாழ்ப்பாளைப் போட்டுத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். குமிழ்கள் என்று பார்த்தால் சத்தத்துக்கும், கீழ் ஒலிக்கும், மேல் ஒலிக்கும் மட்டும்தான். இதற்கு மேல் அந்தப் பெட்டியிடம் கேட்டுப் பெற எதுவும் இல்லை. மீதியை வாசிப்பவன் கையோடு கொண்டுவர வேண்டும்.

மேற்குக் கரையில் லியோ ஃபெண்டர் 1951ல் பிரிஸிஷன் பேஸைச் செய்திருந்தார். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. ரேடியோ பழுதுபார்த்தவர். கழுத்தில் மெட்டு வைத்து ஸ்வரம் பிசகாமல் செய்ததால் அந்தப் பெயர். அதற்கென 1952ல் பாஸ்மேன் என்று ஒரு ஆம்ப்ளிஃபையரும் செய்தார். அதன் பின்னாளைய வடிவத்தைப் பேஸ்காரர்களைவிடக் கிதார்காரர்களே சுவீகரித்துக்கொண்டார்கள். லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் 1962ல் உருவான ஆம்ப்ளிஃபையருக்கு மூலம் அதுதான். ஹல் வெறுத்த கரகரப்பு அங்கே ஒரு சம்பிரதாயமே ஆயிற்று. அது வேறு கதை.

விரலுக்கு வருவோம். ஒரு கம்பியைத் தட்டும்போது அடிப்படை ஸ்வரத்தோடு அதன் மேல்ஸ்வரங்களும் கூடவே எழுகின்றன. எந்த இடத்தில் மீட்டுகிறோமோ அந்த இடத்தில் எந்த மேல்ஸ்வரத்துக்கு அசைவில்லையோ அது எழும்பாமல் போகும். சரிபாதியில் மீட்டினால் இரட்டைப்படை மேல்ஸ்வரங்கள் இல்லை. குதிரைக்குப் பக்கத்தில் மீட்டினால் மேலே உள்ளவை கூடிக் கூர்மையாக ஒலிக்கும். கழுத்தை நோக்கி நகர்ந்தால் உருண்டையாகும். நகம், பிளாஸ்டிக் வில்லை, விரல் சதை மூன்றும் மூன்று விதம். சதை அகலமானது, மெத்தென்றது. உயர்ந்த மேல்ஸ்வரங்களை அது பிறக்கும்போதே அமுக்கிவிடுகிறது. பேஸின் தடித்த கம்பி விநாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. பி-15 போன்ற சிறு பெட்டி அந்த ஆழத்தை முழுசாகச் சொல்வதில்லை. மேல்ஸ்வரங்களைக் கேட்டு அடிஸ்வரத்தை நம் காதே பூர்த்தி செய்துகொள்கிறது. வீணைக்காரர்களுக்கு இதையெல்லாம் யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

ஜேம்ஸ் ஜேமர்ஸன் 1936ல் தென் கரோலைனாவில் எடிஸ்டோ தீவில் பிறந்து, 1954ல் தாயோடு டெட்ராய்ட்டுக்குப் போனவர். பள்ளிக்கூடத்தில் டபிள் பேஸ் பயின்றார். பெர்ரி கோர்டி மோட்டவுன் கம்பெனியைத் தொடங்கியபோது அதன் வாத்தியக்காரர்களில் ஒருவரானார். வெஸ்ட் கிராண்ட் பூல்வார்டில் ஒரு சாதாரண வீடு. அதனுள் இருந்த ஒலிப்பதிவு அறைக்கு வாத்தியக்காரர்கள் வைத்த பெயர் பாம்புக் குழி. 1960களின் தொடக்கத்தில் அவர் மின்சாரப் பேஸுக்கு மாறினார். கை மட்டும் மாறவில்லை. வலது ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே எல்லாவற்றையும் வாசித்தார். டபிள் பேஸில் பழகிய பழக்கம். சகாக்கள் அந்த விரலைக் கொக்கி என்பார்கள். கம்பிகள் கனமானவை, வழவழப்பாகச் சுற்றப்பட்டவை, பலகையிலிருந்து வெகு உயரத்தில் நிற்பவை. இன்னொருவர் அழுத்தினால் விரல் நோகும். அறுந்தாலொழிய அவற்றை மாற்றுவதில்லை. அழுக்கில்தான் ருசி இருக்கிறது என்று அவர் நம்பியதாகச் சொல்வார்கள். குதிரையின் மேலிருந்த உலோக மூடிக்குள் ஒரு துண்டு நுரைரப்பர். அது கம்பியை நீண்டு ஒலிக்க விடாமல் ஸ்வரத்தை ஒரு தாள அடியாக்கிவிடும். ஃபோர் டாப்ஸ் குழுவின் ‘பெர்னடெட்’ 1967ல் வந்தது. அதில் பாடகர் உருகி அழைத்துக்கொண்டிருக்க, அடியில் இந்த ஒற்றை விரல் ஒரு இடத்தில் நிற்காமல், ஆனால் ஒருபோதும் வழிதவறாமல் அலைவதைக் கேட்க வேண்டும். எனக்கு அந்தப் பாட்டில் பாடகர் இரண்டாம்பட்சம்தான்.

இங்கேதான் பெட்டியை நம்புகிறவர்கள் சங்கடப்படுகிறார்கள். இரவு விடுதிகளில் ஜேமர்ஸன் பி-15 வைத்து வாசித்தார். மோட்டவுன் அறையிலோ பேஸை நேராக ஒலிப்பதிவு மேசையில் சொருகிவிட்டார்கள். அதாவது நாம் தட்டுகளில் கேட்கும் அந்தப் பிரசித்தமான ஒலியில் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபையரே கிடையாது. பி-15 வாங்கினால் அந்தத் தொனி வரும் என்று பணம் சேர்க்கும் இளைஞனிடம் இதைச் சொன்னால் கோபப்படுவான். இலக்கியத்தில் மட்டும் என்ன? போர்ஹேயின் உத்தியை இரவல் வாங்கி வந்தால் கதை எழுதிவிடலாம் என்று நம்புகிறவர்கள் நம்மிடம் இல்லையா?

மோட்டவுன் தன் தட்டுகளின் உறைகளில் வாத்தியக்காரர்கள் பெயரைப் போடவில்லை. 1971ல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ வந்தபோதுதான், நிகரற்றவர் என்ற அடைமொழியோடு, ஜேமர்ஸனின் பெயர் அச்சேறியது. அதற்குள் பத்து வருஷத்துப் பாட்டுகள் உலகம் சுற்றி வந்துவிட்டன. பெயரில்லாத சரக்குக்கு யாரும் உரிமை கேட்கலாம். லாஸ் ஏஞ்சலீஸின் கேரல் கே, சந்தேகமின்றிப் பெரிய பேஸ் கலைஞர், 1960களின் சில புகழ்பெற்ற மோட்டவுன் பாடல்களில் வாசித்தது தாமே என்று பிற்காலத்தில் சொன்னார். மேற்குக் கரையில் அவர் மோட்டவுனுக்கு வாசித்திருக்கிறார் என்பதும் உண்மை. எந்தெந்தப் பாட்டு என்பதில்தான் தகராறு. அது இன்னும் ஓயவில்லை.

கையெழுத்துச் சரிபார்ப்பது என் பிழைப்பு. மாதிரிக் கையெழுத்தையும் காசோலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை. அதை எவனும் போட்டுவிடுவான். பேனா எங்கே அழுந்தியது, எங்கே தூக்கப்பட்டது என்று பார்ப்போம். கேரல் கே வில்லையால் வாசித்தவர், கம்பிகளின் மேல் ஃபெல்ட் துணி வைத்தவர். வில்லை மேலும் கீழும் சமமாகப் போய்வரும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு சிறு சொடுக்கு உண்டு. கொக்கி ஒரே திசையில்தான் இழுக்கும். வேகமான இடங்களில் சில ஸ்வரங்கள் விழுங்கப்பட்டுப் பேய் மாதிரி நிற்கும். திறந்த கம்பிகள் அடிக்கடி நடுவில் வந்து விழும். டெட்ராய்ட் பதிவுகளில் எனக்குக் கேட்பது கொக்கிதான். சாட்சியம் இல்லாத இடத்தில் காதை நம்புவது அபாயம் என்பது எனக்குத் தெரியும். கவுண்ட்டரில் உட்கார்ந்து தினமும் அந்த அபாயத்தில்தான் பணம் கொடுக்கிறேன்.

ஆம்பெக் கம்பெனியிலேயே பெட்டி பெருத்தது. 1969ல் எஸ்.வி.டி. வந்தது: 300 வாட், 10 அங்குல ஸ்பீக்கர்களாக எட்டு வைத்த அலமாரி. ஹல் அதற்கு முன்பே வெளியேறிவிட்டார். மைதானக் கச்சேரிகள் வந்துவிட்டன, வேறு வழியில்லை. 70களில் குமிழ்கள் பெருகின. ஒலியைப் பட்டை பட்டையாக வெட்டி ஏற்றி இறக்கும் தள்ளுகோல்கள் வந்தன. மோட்டவுன் 1972ல் லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போயிற்று. ஜேமர்ஸனும் பின்னாலேயே போனார். அங்கே புதுக் கம்பி போடு, பளபளவென்று வாசி என்று கேட்டார்கள். அவர் மாறவில்லை. வேலை குறைந்தது, குடி கூடியது. 1983ல் மோட்டவுனின் 25ஆம் ஆண்டு விழா பெரிய அரங்கில் நடந்தபோது, அவர் சீட்டு வாங்கிக்கொண்டு பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்தார் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வருஷம் ஆகஸ்ட் 2ஆம் தேதி இறந்தார். வயது 47. இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு அவருடைய 1962ஆம் வருஷத்துப் பிரிஸிஷன் பேஸ் களவுபோயிற்று.

1989ல் அவரைப் பற்றி ஒரு புத்தகமும், 2002ல் அதையொட்டி ஒரு திரைப்படமும் வந்தன. ஆம்பெக் பி-15ஐ மறுபடி செய்து விற்றது. லா பெல்லா கம்பெனி கனத்த கம்பிக் கட்டு ஒன்றை அவர் பெயர் போட்டு விற்கிறது. மெல்லிய கம்பி அங்குலத்தில் ஆயிரத்துக்கு 52, தடித்தது 110. பெயர் உறையின் மேல்தான் போட்டிருக்கிறது.