சோழவரத்தின் சுற்று நேரம்

இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சோழவரம் விமான ஓடுதளத்தில், 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்திய நாள்களில், ஃபியட், ஹெரால்டு கார்களின் சுற்று நேரம், அதாவது தடத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றிவர ஆகும் நேரம், தொழிற்சாலையின் தரத்தைவிட, கார்புரேட்டரை மாற்றி எஞ்சினின் அழுத்த விகிதத்தைக் கூட்டிய மெக்கானிக்கின் கைத்திறனுக்கே சாட்சியாக நின்றது.

1990இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. தடம் அமைந்தபின் ஒப்பீட்டுக்கு நிலையான களம் கிடைத்ததென்றாலும், உலக விளம்பரங்களில் மின்னும் கணக்கு பெரும்பாலும் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் எடுக்கப்பட்டதே. 2008இல் நிஸ்ஸான் தன் ஜிடி-ஆர் அத்தடத்தை 7 நிமிடம் 29 விநாடியில் சுற்றியதாக அறிவிக்க, அதே வகைக் காரை வாங்கி ஓட்டிப்பார்த்த போர்ஷே, தனக்கு 7 நிமிடம் 54 விநாடி ஆனதென்றது. போட்டியாளரே நீதிபதியான விந்தை அது. அந்த 25 விநாடியில் டயரின் பங்கு எவ்வளவு, ஓட்டுநரின் பங்கு எவ்வளவு என்பது பிரித்தறியப்படவில்லை.