விஷ்ணுகரந்தையும் கரந்தையும்

விஷ்ணுகரந்தை என்ற பெயரைக் கேட்டதும் தமிழிலக்கியம் பயின்றோர் மனம் புறத்திணையின் கரந்தைக்குத் தாவிவிடுகிறது. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கச் சென்றோர் சூடிய பூ அது. ஆனால் கரந்தை எனப் பலரும் சுட்டும் கொட்டைக்கரந்தை சூரியகாந்திக் குடும்பத்தது. அறுவடை முடிந்த நெல்வயலின் ஈரத்தில் ஊதா உருண்டைகளாகப் பூப்பது. விஷ்ணுகரந்தையோ செம்மண் மேட்டிலும் மேய்ச்சல் தரையிலும் வெயில் காய்ந்து படர்ந்து கிடக்கும் பல்லாண்டுச் சிறுசெடி. சர்க்கரைவள்ளிக்குத்தான் அது உறவு.

பெயரின் பிற்பகுதி, அடிவைத்தலைக் குறிக்கும் 'கிராந்த' என்ற வடசொல்லே. தமிழ் நாவில் அது கிரந்தியாகி, பழகிய கரந்தையோடு ஒட்டிக்கொண்டது என்று கொள்வதே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது. அதற்கொரு பழைய சாட்சியும் உண்டு. டச்சு மலபாரின் ஆளுநராயிருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் முதலிய உள்ளூர் வைத்தியர்களின் துணையோடு தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. 1692இல் அச்சான 11ஆம் தொகுதியில் இச்செடி 'விஸ்த்னு கிளாந்தி' என்ற பெயருடன் படமாயிருக்கிறது. (அதைக் காண ரீட் உயிரோடில்லை, 1691இல் சூரத் நோக்கிய கடற்பயணத்திலேயே காலமானார்.) ரகரம் லகரமாயிற்றே தவிர, கரந்தையின் சாயல் அதில் சற்றுமில்லை.

லின்னேயஸ் 1753இல் இதனைக் 'கன்வால்வுலஸ்' பேரினத்தில் வைத்தார். ஹெர்மன் இலங்கையில் 1670களில் சேகரித்த உலர்செடிகள் அவருக்கு ஆதாரம். கன்வால்வுலஸ் என்றால் சுற்றிக்கொள்வது. இதுவோ எதன்மீதும் சுற்றுவதில்லை. 1762இல் 'எவால்வுலஸ்' என்ற பேரினத்திற்கு மாற்றினார். சுருள் அவிழ்ந்தது என்று பொருள்.

கொடி சுற்றாமை மட்டும் போதிய அடையாளமாகாது. சுற்றாத கன்வால்வுலஸ்களும் உள்ளன. பட்டுபோன்ற மயிரடர்ந்த மெல்லிய தண்டுகள், விரல்நகமளவு இலைகள், காலையில் விரிந்து நண்பகலில் மூடும் சின்னஞ்சிறு நீலப்பூ ஆகியவற்றைக் கண்டபின் உருப்பெருக்கியை எடுக்கவேண்டும். பூவின் நடுவே சூல்தண்டுகள் இரண்டு. ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளந்து நுனிகள் நான்காகும். கன்வால்வுலஸில் சூல்தண்டு ஒன்றே, நுனி இரண்டே. தீர்ப்பு இங்கேதான்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். 'சங்கபுஷ்பி' என்ற ஒரே பெயரில் விற்கப்படும் மூலிகைகளுள் இதுவும் ஒன்று. இந்திய ஆயுர்வேத மருந்துநூல் அப்பெயரால் குறிப்பது கன்வால்வுலஸை. கேரள வைத்தியர் கொள்வது நம் வேலிகளில் ஏறும் சங்குப்பூவை. பொட்டலத்தில் நொறுங்கிய சரக்கில் நீலமும் தெரியாது, படர்ந்த கோலமும் தெரியாது. வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்துப் பார்க்க முழுப்பூ ஒன்றாவது அதில் எஞ்சியிருக்க வேண்டும்.