சிரிக்க வைத்த சிலைகள்

நவராத்திரி நாள்களில் ஆனைமலையில் அயல்வீட்டார் கொலு காண நம்மையும் அழைப்பதுண்டு. படிவரிசையில் எங்கேனும் ஓரிடத்தில் சங்கீத மும்மூர்த்திகள் மண்பொம்மைகளாய் அமர்ந்திருப்பர். சியாமா சாஸ்திரி 1827இலும், முத்துசுவாமி தீட்சிதர் 1835இலும், தியாகராசர் 1847இலும் மறைந்தனர். மூவர் முகத்திலும் ஒரே சாந்தம். நெற்றிக்குறியையும் கையிலுள்ள வாத்தியத்தையும் நீக்கிவிட்டால், இன்னார் இவர் என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. இசைமேதையை நாம் வணங்கக் கற்றோம். அவரைப் பார்த்துச் சிரிக்கக் கற்றோமில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் பாரிஸ் மாநகரில் வேறொரு வகைக் கொலு இருந்தது. அதை அமைத்தவர் ழான்-பியேர் டான்டான் என்னும் சிற்பி. 1800ஆம் ஆண்டு இறுதியில் அந்நகரிலேயே பிறந்தவர். தந்தை மரச்செதுக்கு வேலை செய்தவர். அண்ணன் அன்ட்வானும் சிற்பியே. ஆகவே இவரை 'இளைய டான்டான்' என்றழைத்தனர். பொசியோ என்னும் புகழ்மிக்க ஆசானிடம் முறைப்படி சிற்பம் பயின்ற இவருக்குப் பேரும் பொருளும் ஈட்டித் தந்தவை சாண் அளவேயான கேலிச்சிலைகள். களிமண்ணில் வனைந்து, சுண்ணச்சாந்தில் வார்த்து, கடைகளில் விற்றார்கள். வாங்கியவர்கள் வீட்டு மாடத்தில் வைத்துக்கொண்டார்கள். இன்றும் பாரிஸிலுள்ள கார்னவாலே அருங்காட்சியகத்தில் அவற்றுட் பல உள்ளன.

சிலையின் பீடத்தில் அவர் பெயரை நேராகப் பொறிப்பதில்லை; படப்புதிராக அமைப்பார். நம் ஊர்ப் பெயரைக் கொண்டே இதனை விளக்கலாம். ஒரு யானையையும் அதனருகே ஒரு மலையையும் வரைந்துவிட்டால், எழுத்தறியாத சிறுவனும் 'ஆனைமலை' என்று படித்துவிடுவான் அல்லவா? அதுபோலவே அவரும் ஓசைக்கேற்ற உருவங்களைச் செதுக்கிப் பார்ப்பவரைத் திணறடித்தார்.

இசைவாணர்கள் அவருக்கு வாய்த்த விருந்து. 1833இல் செய்த பெர்லியோசின் சிலையில் முகத்தைவிட முடியே பெரிது. வைக்கோற்போர் ஒன்று தலைமேல் சரிந்து நிற்பது போலத் தோன்றும். ரொசினியோ தாம் விரும்பியுண்ட மக்ரோனித் தட்டோடு காட்சி தருகிறார். 1836இல் பியானோ மேதை லிஸ்ட்டை வடித்தபோது தோளில் புரளும் கூந்தலோடு விரல்களையும் பெருக்கிவிட்டார். அவ்வளவு விரைவாக வாசிப்பவருக்குக் கைக்கு ஐந்து விரல் எப்படிப் போதும் என்பது அவர் கேள்வி. தம் முடியை மிகைப்படுத்திவிட்டதாக லிஸ்ட் குறைப்பட, முதுகுப்புறமும் கூந்தலுமே தெரியும்படி இன்னொரு சிலை செய்து டான்டான் விடையளித்தார் என்றொரு செவிவழிக் கதையும் உண்டு. கோயிற் சிற்பிகள் தெய்வத்தின் ஆற்றலைக் காட்டப் பல கைகளை அமைத்ததை நாம் அறிவோம். இங்கே அதே உத்தி நகைப்புக்குப் பயன்படுகிறது. எனினும் அந்த நகைப்பினுள் வியப்பும் ஒளிந்திருப்பதை மறுக்க இயலாது.

அக்காலத்தில் அரசியலாரை எள்ளுவது ஆபத்தான தொழில். மன்னன் லூயி பிலிப்பைப் பெருந்தீனிக்காரனாக வரைந்த தோமியே 1832இல் சிறை சென்றார். 1835 செப்டம்பரில் வந்த சட்டம், படங்களை வெளியிடுமுன் அரசின் இசைவைப் பெறவேண்டும் என்றது. மன்னனின் மூக்கைவிட இசைவாணரின் மூக்கு பாதுகாப்பானது என்று சிற்பிகள் கண்டிருந்தால் வியப்பில்லை.

அந்நகரோடு நம் மறைமாவட்டத்திற்கும் ஒரு தொடர்பு உண்டு. கோவையின் முதல் ஆயர் மரியோன் தெ பிரெசில்லாக் 1841இல் பாரிஸ் வேற்றுநாட்டு மறைபரப்புச் சபையில் சேர்ந்து, மறு ஆண்டே இந்தியாவுக்குக் கப்பலேறினார். கருமத்தம்பட்டியில் தங்கி அவர் ஆற்றிய பணியை நம் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வர். இச்சிலைகளின் புகழ் ஓங்கியிருந்த நகரிலிருந்துதான் அவர் நம் மண்ணுக்கு வந்தார்.

கேலிக்கும் அவதூறுக்கும் இடையே உள்ள தொலைவைக் காண வயலின் வித்தகர் பகனீனியின் வரலாறு போதும். டான்டான் 1832இல் அவரை எலும்புக்கூடு போல ஒடுங்கிய மேனியும் நீண்ட முடியுமாகச் செய்தார். அது எவரையும் புண்படுத்தும் செயலாக நமக்குத் தோன்றவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த வேறொருவரின் அச்சுப்படமோ அவரைச் சிறைக்கைதியாகக் காட்டியது. கொலைக்குற்றத்திற்காகச் சிறையிருந்தார் என்ற வதந்தியை அது ஊரெங்கும் பரப்ப, அவரே பாரிஸ் இசையிதழ் ஒன்றுக்கு மறுப்புக் கடிதம் எழுத நேர்ந்தது. அலகையோடு உடன்படிக்கை செய்தவர் என்ற பேச்சும் ஓயவில்லை. 1840இல் நீஸ் நகரில் இறுதி அருளடையாளங்களைப் பெறாமல் அவர் இறந்தபோது, அவ்வூர் ஆயர் திருச்சபை முறைப்படி அடக்கம் செய்ய மறுத்துவிட்டார். மகன் அக்கீலே ஆண்டுக்கணக்கில் மன்றாடினார். பெட்டி இடம் மாறிக்கொண்டே இருந்தது. பார்மா நகரக் கல்லறையில் அது இடம்பெற்றபோது ஆண்டு 1876. முப்பத்தாறு ஆண்டுகள்! இதை நாம் சற்று வெட்கத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது.

கேலிக்கு ஆளான மற்றவர்களின் பின்னாள் வாழ்வு வேறு வகையில் அமைந்தது. லிஸ்ட் 1865இல் உரோமையில் சிறுபட்டங்கள் பெற்றுக் குருத்துவ உடை தரித்தார். குருவாக அருள்பொழிவு பெறவில்லை. அதன்பின் கேலி ஓவியர்களுக்கு அவருடைய அங்கியும் கிடைத்தது. ரொசினி தம் முதுமையில் ஒரு திருப்பலி இசையை இயற்றி, அதன் இறுதியில் கடவுளுக்கே விளையாட்டாக ஒரு குறிப்பு எழுதி வைத்தார். அது 1864இல் முதன்முதலாகப் பாடப்பட்டது. மக்ரோனித் தட்டோடு தம்மைச் செய்தவனிடம் கோபங்கொள்ளும் மனிதராக அவரை எண்ண நம்மால் இயலவில்லை.

டான்டானின் கைக்கு இன்னொரு வேலையும் வாய்த்தது. 1835 செப்டம்பரில் பாரிஸுக்கு அருகிலுள்ள புத்தோவில், இனிய இசைநாடகங்கள் தந்த பெல்லினி முப்பத்து மூன்றே வயதில் நோயுற்று இறந்தார். இறந்தவரின் முகத்தின்மேல் சாந்து பூசி அச்செடுக்க டான்டானையே அழைத்தார்கள். அன்று அவர் எதையும் பெரிதாக்கவில்லை. மூக்கும் நெற்றியும் மூடிய இமைகளும் உள்ளது உள்ளபடியே அந்த அச்சில் பதிந்தன.